புல்தரையில் பச்சை மினுக்கம்: ஓநாய்ச் சிலந்தி எப்படி வேட்டையாடுகிறது? (பெங்களூரு)

ஏரிக்கரைவாசி · வெள்ளி, இரவு 11:10

எலஹங்கா பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். பின்னால் புல்தரை, அதைத் தாண்டினால் ஏரிக்கரை. கரண்ட் போயிருந்தபோது நெற்றியில் டார்ச் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். புல்லுக்குள் அங்கங்கே பச்சையும் நீலமும் கலந்து சின்னச் சின்னதாக மினுங்கின. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மினுக்கத்துக்கும் பின்னால் ஒரு சிலந்தி. பழுப்பு நிறம், முதுகில் நீளவாக்கில் வெளிறிய பட்டை. வலை என்று எதுவும் கண்ணில் படவில்லை. ஓநாய்ச் சிலந்தி என்று தேடித் தெரிந்துகொண்டேன்.

இரண்டு கேள்வி. வலையே இல்லாமல் இருட்டில் இது எப்படி இரை பிடிக்கிறது, துரத்துமா, பதுங்குமா? இரண்டாவது கொஞ்சம் அவசரம். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் இதைப் படம் எடுத்துப் போட்டதும் பீதி கிளம்பிவிட்டது. புல்தரை முழுக்க மருந்து அடிப்பது பற்றி ஞாயிறு கூட்டத்தில் பேசப் போகிறார்கள். அங்கே நான் என்ன சொல்லலாம்?

இரவுநடை · வெள்ளி, இரவு 11:42

முதலில் அந்த மினுக்கம். ஓநாய்ச் சிலந்திக்கு எட்டுக் கண், மூன்று வரிசையில். கீழே நான்கு சின்னவை. அதற்கு மேல் முகத்துக்கு நேராக இரண்டு பெரியவை. அதற்கும் மேலே தலையின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று; அவை பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். கீழ் வரிசையின் நடுவில் உள்ள இரண்டைத் தவிர மற்ற கண்களுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. பூனைக்கும் மாட்டுக்கும் கண் மின்னுவதும் அப்படி ஒரு படலத்தால்தான்.

ஒளி வந்த வழியே திரும்பிப் போகும். அதனால்தான் நெற்றியில் மாட்டிய விளக்குக்கு அது தெரிகிறது. கையில் பிடித்த டார்ச்சை இடுப்பளவில் வைத்து அடித்தால் அதே புல்தரையில் ஒன்றுமே தெரியாது. போனில் இருக்கிற டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், போதும்.

பனித்துளியும் மின்னும், ஆனால் அது வெள்ளையாக இருக்கும், நீங்கள் அசைந்தால் மாறிக்கொண்டே இருக்கும். சிலந்திக் கண் நிலையாக நிற்கும், அது திரும்பினால் சட்டென்று அணையும். ஒரே இடத்தில் பொடிப்பொடியாகப் பல மினுக்கம் தெரிந்தால் அது குட்டிகளை முதுகில் சுமக்கும் தாய்.

டீக்கடை_பெஞ்ச் · சனி, காலை 7:15

ஓநாய் என்றால் கூட்டமாகத்தானே வேட்டையாட வேண்டும்? அண்ணன் ஒரே புல்தரையில் இத்தனை பார்த்திருக்கிறார். எல்லாம் சேர்ந்து என்னத்தைப் பிடிக்கப் போகின்றன, அசோசியேஷன் செக்ரட்டரியையா?

எட்டுக்கண் · சனி, காலை 8:30

கூட்டமெல்லாம் கிடையாது. ஒவ்வொன்றும் தனி ஆள். ஒன்றை ஒன்று சந்தித்தால் பெரியது சின்னதைத் தின்னப் பார்க்கும். அமெரிக்காவில் பார்டோசா மில்வினா என்று ஒரு சிறிய இனம் இருக்கிறது. டிக்ரோசா ஹெல்லுவோ (முன்பு ஹோக்னா ஹெல்லுவோ என்பார்கள்) என்ற பெரிய ஓநாய்ச் சிலந்தி நடந்து போன தரையில் அதை விட்டுப் பார்த்தார்கள். பெரியது அங்கே இல்லவே இல்லை. அது விட்டுப்போன நூலும் கழிவும் மட்டும்தான். அதை உணர்ந்த உடனே சின்னது தன் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டது. சொந்தக்காரனைப் பற்றி அவ்வளவு பயம்.

இப்போது வேட்டை. ஏரிக்கரைவாசி அண்ணா கேட்டதற்கு நேர்ப் பதில்: பெரும்பாலும் பதுங்கல், கடைசியில் ஒரே ஒரு பாய்ச்சல். கொஞ்ச தூரம் நடக்கும், நிற்கும், வெகுநேரம் அப்படியே கிடக்கும், பிறகு வேறிடம் போகும். எட்டுக் காலும் தரையில் பதிந்திருக்கும் அந்த நேரம் சும்மா இருக்கிற நேரம் இல்லை. கால்களின் மேல்தோலில் நுண்ணிய கீறல் போன்ற உணர்விகள் இருக்கின்றன. தரையிலோ சருகிலோ எழும் சிறு அதிர்வுகூட அவற்றில் படும். ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்போமே, அது மாதிரி, எட்டுக் காலாலும். இது போக, கால்களில் மெல்லிய நீண்ட முடிகள் செங்குத்தாக நிற்கும். பக்கத்தில் ஒரு பூச்சி சிறகடித்தால் நகரும் காற்றில் அவை அசையும். ஆக, சருகில் நடக்கும் பூச்சியைக் காலும், சிறகடிக்கும் பூச்சியை முடியும், கிட்டே வந்து அசைவதைக் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும் பூச்சி பல நேரம் தப்பிவிடும்.

அதிர்வு வந்த பக்கம் உடம்பைத் திருப்பும். இன்னும் ஓர் அசைவு. அவ்வளவுதான், பாய்ந்துவிடும். முன்கால்களால் வளைத்துத் தன் அடிப்பக்கத்துக்கு இழுக்கும். கால் நுனிப் பக்கம் ஒட்டும் தன்மையுள்ள அடர்ந்த முடி இருப்பதால் வழுக்கும் வண்டுகூட எளிதில் நழுவாது. இரை பெரியதாக இருந்தால் மல்லாந்து படுத்து, கால்களையே கூடையாக்கி அதற்குள் வைத்துக் கடிப்பதும் உண்டு. நச்சுப்பல் இறங்கினதும் சில நொடியில் இரையின் ஆட்டம் அடங்கிவிடும்.

வலைச் சிலந்தி இரையைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டு நிதானமாக உறிஞ்சும். இது அப்படி இல்லை. தாடையில் பல் இருக்கிறது. செரிமான நீரைக் கக்கி, மென்று, கசக்கி, கரைந்து வருவதை உறிஞ்சும். கடைசியில் தோலும் சிறகும் ஒரு கறுப்பு உருண்டையாக மிஞ்சும்.

மேக்ரோ_லென்ஸ் · சனி, காலை 9:05

> பெரும்பாலும் பதுங்கல், கடைசியில் ஒரே ஒரு பாய்ச்சல்

இதற்கு ஒரு காரணமும் சேர்த்துக்கொள்ளலாம். சிலந்திக் காலின் முக்கியமான மூட்டுகளில் மடக்குவதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்கு இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தி எல்லாக் காலையும் உள்ளே மடக்கிக் கிடப்பது அதனால்தான். ஓட்டம் வேகமாக இருக்கும், நீடிக்காது. சீக்கிரம் களைத்துவிடும். எலியைப் பூனை விரட்டுவதுபோல விரட்டுகிறது என்று டிவி குரல்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

கே_ஆர்_புரம்_365 · சனி, காலை 10:20

எங்கள் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அளவு ஒன்று ஓடியது. தட்டையாக, நண்டு மாதிரி பக்கவாட்டில். அதுவும் ஓநாய்ச் சிலந்திதான். வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். நானே பார்த்தேன், கரப்பானைப் பிடித்தது.

மேக்ரோ_லென்ஸ் · சனி, காலை 10:48

சார், அது ஹன்ட்ஸ்மேன். ஹெட்ரோபோடா வெனடோரியா. உலகம் முழுக்க வெப்பப் பகுதி வீடுகளில் உண்டு. கரப்பான் பிடிப்பதில் கெட்டி, அதை விரட்டாதீர்கள்.

வித்தியாசம் காலில் இருக்கிறது. ஹன்ட்ஸ்மேனுக்குக் கால் நுனியில் இரண்டு நகமும் நடுவே அடர்ந்த முடிக்கற்றையும்; அதனால் டைல்ஸ், கண்ணாடி, கூரை எல்லாம் அதற்குத் தரைதான். ஓநாய்ச் சிலந்திக்கு மூன்று நகம், அந்தக் கற்றை கிடையாது. வழவழப்பான கண்ணாடியில் பெரும்பாலானவற்றால் ஏற முடியாது. குளியலறைத் தொட்டியில் விழுந்து மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால் ஓநாய்ச் சிலந்தியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கே_ஆர்_புரம்_365 · சனி, காலை 10:55

எங்கள் பக்கத்துச் சிலந்தி எங்கே வேண்டுமானாலும் ஏறும்.

அல்சூர்_அம்மா · சனி, காலை 11:30

எல்லாம் சரி தம்பிகளா. என் பேத்திக்கு ஐந்து வயது, புல்லில்தான் உருளுவாள். கடித்தால் என்ன ஆகும், அதை முதலில் சொல்லுங்கள். கடித்த இடம் அழுகிவிடும் என்று ஒரு படம் குரூப்பில் சுற்றுகிறது. இதே சிலந்திதான் என்று போட்டிருக்கிறார்கள்.

எட்டுக்கண் · சனி, மதியம் 12:10

அக்கா, அந்தப் பயத்துக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. தென் அமெரிக்காவில் ஓநாய்ச் சிலந்தி கடித்தால் தசை அழுகும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. பிரேசிலின் ஸாவ் பாவ்லோவில் ஓநாய்ச் சிலந்தி கடித்து வந்த 515 பேரின் விவரங்களைத் திரட்டி 1990ல் ஆய்வாக வெளியிட்டார்கள். வலி இருந்தது, சிலருக்கு வீக்கம், சிவப்பு. அழுகல் இல்லை. அழுகலுக்குக் காரணம் வேறொரு குடும்பத்துச் சிலந்தி.

இது மனிதரைத் தேடி வந்து கடிக்கிற ஜீவன் இல்லை. அதிர்வு தெரிந்ததும் ஓடுவதுதான் அதன் குணம். கைக்கும் துணிக்கும் நடுவே நசுங்கினால் கடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். மூச்சுத் திணறலோ உடம்பெங்கும் தடிப்போ வந்தால் அது ஒவ்வாமை, தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். தேனீ கொட்டினாலும் அதே விதிதான்.

ஒன்று மட்டும் வேண்டாம், துடைப்பத்தால் அடிப்பது. தாயாக இருந்தால் முதுகில் இருக்கிற குட்டிகள் நாலாபக்கமும் சிதறும், அப்புறம் வீட்டில் எல்லோரும் கட்டில் மேல்தான்.

அல்சூர்_அம்மா · சனி, மதியம் 12:25

முதுகில் குட்டியா? எத்தனை நாள் சுமக்கும்?

இரவுநடை · சனி, மதியம் 1:00

இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான் அக்கா. முட்டைகளை நூலால் சுற்றி உருண்டைப் பையாக்கி, பின்பக்கம் நூல் சுரக்கும் உறுப்பில் ஒட்டிக்கொண்டு திரியும். பையோடுதான் வேட்டை, பையோடுதான் ஓட்டம். பிடுங்கினால் தேடி அலையும். அந்தக் காலச் சோதனைகளில் பைக்குப் பதிலாக ஒரு தக்கை உருண்டையைப் போட்டிருக்கிறார்கள், அதையும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. பொரிந்ததும் குட்டிகளால் தாமாக வெளியே வர முடியாது. தாய் பையின் ஓரத்தைக் கடித்துப் பிரித்துவிடும். அவை கால் வழியே ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்காரும். தாயின் முதுகு முடிகள் அவை பிடித்துக்கொள்வதற்கு வாகான அமைப்பு. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தீரும்வரை, ஒரு வாரமோ அதற்கு மேலோ, அங்கேயே இருக்கும். அம்மா எதுவும் ஊட்டுவதில்லை. பிறகு ஒவ்வொன்றாக இறங்கித் தன் வழி போகும். சில குட்டிகள் உயரமான புல் நுனியில் ஏறி நூல் விட்டுக் காற்றில் பறந்தும் போகும்.

பையைத் தாடையில் கவ்விக்கொண்டு போகிற சிலந்தியைப் பார்த்தால் அது வேறு குடும்பம். பின்னால் ஒட்டியிருந்தால் இது. வெறுங்கண்ணுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

பழையவயல் · சனி, மாலை 4:40

நான் திருவாரூர்ப் பக்கம். இப்போது மகன் வீட்டில், சர்ஜாபூர் ரோடு. மருந்து அடிப்பது பற்றி யாரும் இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை, நான் சொல்கிறேன்.

நெல்லுக்குப் புகையான் என்று ஒரு பூச்சி. பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூர்ப் பக்கம் கூட்டமாக உட்கார்ந்து சாறை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகக் காயும். ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் வயலில் பாதி போயிருக்கும். அதே தூரில்தான் ஓநாய்ச் சிலந்தியும் சுற்றும். பார்டோசா சூடோஅனுலேட்டா என்று பெயர், முன்பு லைகோசா என்பார்கள். தண்ணீர் மேலேயே ஓடும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும் என்று நெல் ஆராய்ச்சிக் கையேடுகளில் போட்டிருக்கிறது. நட்ட வயலுக்கு முதலில் வந்து சேரும் ஆட்களில் இதுவும் ஒன்று. புகையான் பெருகும் முன்பே வந்து காத்திருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம்? புகையானைக் கண்டதும் மருந்து அடித்தோம். புகையான் முட்டை இருப்பது இலையுறைக்குள்ளே, திசுவைக் கீறி உள்ளே வைக்கும். மருந்து அங்கே சரியாகப் போகாது. வெளியில் இருந்த புகையான் செத்தது, சிலந்தியும் செத்தது. கொஞ்ச நாளில் முட்டை பொரிந்தது. தின்ன ஆள் இல்லை. முன்பைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மறுபடி அடித்தோம். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் சோதனை வயலிலேயே காட்டினார்கள். டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் அடித்த பாத்திகளில் புகையான் ஏறியது. இந்தோனேசியாவில் புகையானால் நொந்துபோய், 1986ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். அரசாங்கம் ஒரு சிலந்தி பேச்சைக் கேட்டது என்றால் அங்கேதான்.

அதனால் ஞாயிறு கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள் தம்பி: மருந்து முதலில் கொல்வது காவல்காரனை.

டவர்_பி_1204 · சனி, மாலை 5:30

ஐயா சொல்வது வயலுக்குச் சரி. எங்கள் லானில் புகையான் இல்லை, அறுவடையும் இல்லை. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் சிலந்தி வேண்டாம் என்று நினைப்பது பெற்றோர் உரிமை. ‘இயற்கைச் சமநிலை’ என்று சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் இருப்பதும் ஒரு வகைச் சோம்பேறித்தனம்.

பழையவயல் · சனி, மாலை 6:05

சிலந்தி இருக்கும் புல்லில் குழந்தை உருளுவது உங்களுக்குப் பயம். மருந்து அடித்த புல்லில் உருளுவது பயம் இல்லையா?

எட்டுக்கண் · சனி, மாலை 6:40

டவர் பி கேட்பது நியாயமான கேள்வி. லானில் இது என்ன தின்கிறது? சிறு ஈ, சில்வண்டுக் குஞ்சு, தத்துப்பூச்சி, புழு, மற்ற சிலந்தி. கொசுவை ஒழிக்கும் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கையில் கிடைத்தால் பிடிக்கும், ஆனால் இது தரையில் வாழும் பிராணி. உங்கள் படுக்கையறைக் கொசுவுக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. பொய்யான காரணம் சொல்லி ஒரு பிராணியைக் காப்பாற்றினால் அடுத்த டெங்கு சீசனில் அதே காரணம் அதன் தலையிலேயே விழும்.

என் வாதம் சின்னது. ஆபத்து இல்லை, ஆகவே மருந்துக்குக் காரணம் இல்லை. இத்தனை சிலந்தி இருக்கிறது என்றால் அத்தனைக்கும் தீனி அந்தப் புல்லில் இருக்கிறது. மருந்து அடித்தால் கொஞ்ச நாள் காலியாக இருக்கும், பிறகு தீனிப் பூச்சிகள் முதலில் திரும்பி வரும், சிலந்தி பின்னால் வரும். பூச்சியைவிடச் சிலந்தி மெதுவாகப் பெருகுகிறது. சந்தா கட்டணத்தில் வருஷா வருஷம் இதற்கு ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

நடைபாதை ஓரப் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். வாசல் விளக்கை மஞ்சளாக மாற்றினால் வெளிச்சத்துக்கு வரும் பூச்சி குறையும், அதைத் தேடி வரும் சிலந்தியும் குறையும். கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை. இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

லால்பாக்_நடையர் · ஞாயிறு, காலை 6:50

காலை நடையில் இருந்து எழுதுகிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்று. வலையே இல்லாத குடும்பம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாறைக்குப் பக்கத்துப் புல்லில் இப்போது பனி இறங்கி, தரையோடு படுத்த வெள்ளை விரிப்பு வலைகள் அத்தனை தெரிகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புனல், அதன் வாயில் ஒரு சிலந்தி. அதுவும் ஓநாய்ச் சிலந்திக் குடும்பம்தான். ஹிப்பாசா. விரிப்பில் எதாவது விழுந்தால் அதிர்வைக் கேட்டுப் பாய்ந்து வந்து கடித்து உள்ளே இழுத்துப் போகும். வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் வலை கண்ணுக்கே தெரியாது, அதைத் தாண்டித்தான் எல்லோரும் நடந்து போகிறார்கள்.

மேக்ரோ_லென்ஸ் · ஞாயிறு, காலை 7:30

அருமை. வலை கட்டும் ஹிப்பாசாவும் முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதே மாதிரி புனல் வலை கட்டும் வேறொரு குடும்பமும் உண்டு. அங்கே கண் வரிசை வேறு, பையைச் சுமப்பதும் இல்லை.

இன்னொரு கோடி: ஹவாயின் காவாய் தீவில், எரிமலைக் குழம்பு உருவாக்கிய குகைகளுக்குள் ஒரு ஓநாய்ச் சிலந்தி இருக்கிறது. அடெலோகோசா அனாப்ஸ். 1973ல் விவரித்தார்கள். கண்ணே கிடையாது. இருட்டில் அதிர்வையும் வாசனையையும் வைத்துத்தான் இரை தேடுகிறது. கண்ணுக்குப் பேர்போன குடும்பத்தில் கண்ணில்லாமலும் பிழைக்கிறது என்றால், எட்டுக்கண் சொன்ன அந்தக் கால் உணர்வு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

டீக்கடை_பெஞ்ச் · ஞாயிறு, காலை 8:10

இவ்வளவு பெரிய வேட்டைக்காரனை வேட்டையாட யாரும் இல்லையா?

இரவுநடை · ஞாயிறு, காலை 8:35

நிறைய. தவளை, பல்லி, மைனா, பூரான். எல்லோரையும்விட மோசம் சிலந்திக் குளவி. பகலில் தரையோடு பதறிப் பதறி நடக்கும், சிறகு துடித்துக்கொண்டே இருக்கும். சிலந்தியைக் கொட்டி முடக்கிப்போட்டு, இழுத்துப்போய்க் குழியில் வைத்து, மேலே ஒரே ஒரு முட்டை இட்டு மூடிவிடும். சிலந்தி சாகாது, அசையவும் முடியாது. புழு பொரிந்து வந்து தின்னும்போதும் கறி கெடாமல் இருக்க வேண்டுமே.

ஏரிக்கரைவாசி · ஞாயிறு, மதியம் 2:15

கூட்டம் முடிந்தது. பழையவயல் ஐயாவின் புகையான் கதையைச் சொன்னேன், யாரும் அசையவில்லை. 515 பேர் கணக்கைச் சொன்னதும் இரண்டு பெற்றோர் மாறினார்கள். ‘வருஷா வருஷம் செலவு’ என்றதும் பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்து இப்போதைக்கு இல்லை, புல் வெட்டுவதும் விளக்கு மாற்றுவதும் மட்டும். அடுத்த காலாண்டில் மறுபடி பார்ப்பார்களாம்.

போன இரவு எடுத்த படம் இணைத்திருக்கிறேன். இது எந்த இனம் என்று யாராவது சொல்ல முடியுமா? பார்டோசாவா, லைகோசாவா?

மேக்ரோ_லென்ஸ் · ஞாயிறு, மாலை 3:00

படம் மேலிருந்து எடுத்தது, கண் வரிசை தெரியவில்லை. தரையில் படுத்து முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிவயிறு தெரிய ஒன்று, கூடவே அளவுக்கு ஸ்கேல் வைத்து அனுப்புங்கள். பேரினம் வரை ஓரளவு சொல்லலாம். இனம் சொல்ல வேண்டுமென்றால் முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், படத்தை வைத்து அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இந்திய ஓநாய்ச் சிலந்திகளுக்கு டிக்கேதரும் மல்ஹோத்ராவும் 1980ல் எழுதிய தொகுதியைத்தான் இன்றும் புரட்டுகிறார்கள். அதற்குப் பிறகு பல பெயர்கள் மாறியிருக்கின்றன, அதையும் சரிபார்க்க வேண்டும். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் பூச்சியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது தெரிந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கே_ஆர்_புரம்_365 · ஞாயிறு, மாலை 3:20

படத்தில் இருப்பது ஹன்ட்ஸ்மேன் மாதிரி தெரிகிறதே?